ஒற்றைத் திசையனின் சாட்சியம்

112 நிரைகள், 112 நிரல்கள். ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1. மொத்தம் 12,544 இடங்கள். ஓர் இடத்துக்கு ஒரு பிட் என்று வைத்தால் 1,568 பைட். இப்படி இரண்டே அணிகள். இரண்டும் சேர்ந்தாலும் 3,136 பைட்தான். இந்த இரண்டையும் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பெருக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் வெவ்வேறு அணிகளின் எண்ணிக்கை 86,775,571,046,077,562,880. அதற்கு மேல் எத்தனை முறை பெருக்கினாலும் புதிதாக ஒன்றும் பிறக்காது.

யான்கோ என்ற கணிதவியலாளர் 1970களின் நடுவில் ‘இப்படி ஒரு குலம் இருக்க வேண்டும்’ என்று கணித்த ஜே4 இதுதான். அது உண்மையில் இருக்கிறது என்று கேம்பிரிட்ஜில் 1980இல் நார்ட்டன், பார்க்கர், பென்சன், கான்வே, தாக்ரே ஆகியோர் கணினியின் துணையோடு நிறுவினார்கள். அவர்கள் வேலை செய்த களம் 0, 1 என்ற இரண்டே உறுப்புகள் கொண்டது. அங்கே ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூச்சியம். இதே குலத்தைச் சிக்கலெண்களில் அணிகளாக எழுத வேண்டுமென்றால் குறைந்தது 1,333 பரிமாணம் தேவை. இரண்டே உறுப்புகள் உள்ள ஏழைக் களத்தில் 112 போதும்.

முடிவுறு களங்களின் மேல் மாட்யூல்களைக் கணக்கிடும் மென்பொருள்களில் நயம் தேடுபவர் தொடங்க வேண்டிய இடம் இந்த ஏழ்மைதான். வேறு களங்களில் குறையாகத் தெரிவதெல்லாம் இங்கே கருவியாகிறது.

குலத்தின் உறுப்புகள் ஒரு திசையன் வெளியில் அணிகளாக நின்று செயல்படும்போது அந்த வெளிக்கு மாட்யூல் என்று பெயர். அதற்குள் ஒரு சிறு வெளி இருக்கிறது. அதன் திசையன்களைக் குலத்தின் எந்த அணியால் பெருக்கினாலும் அவை அதைவிட்டு வெளியேறுவதில்லை என்றால் அது உள்மாட்யூல். பூச்சியமும் முழு வெளியும் தவிர வேறு உள்மாட்யூலே இல்லாத மாட்யூல் பகாதது. எண்களுக்குப் பகா எண் போல மாட்யூல்களுக்கு இது.

கையாலேயே செய்து பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு. மூன்று இடங்கள், அவற்றை எல்லா விதத்திலும் இடம் மாற்றும் ஆறு செயல்கள். இரண்டு உறுப்புக் களத்தில் திசையன்கள் மொத்தம் எட்டு. இடங்களை எப்படி மாற்றினாலும் 111 மாறாது. அதுவும் பூச்சியமும் சேர்ந்து ஓர் உள்மாட்யூல். 110, 101, 011 ஆகிய மூன்றும் தங்களுக்குள்தான் இடம் மாறுகின்றன. பூச்சியத்தோடு சேர்ந்து அவை இன்னோர் உள்மாட்யூல். இரண்டுக்கும் பொதுவானது பூச்சியம் மட்டுமே. முழு வெளி ஒன்று, இரண்டு என்ற பரிமாணங்களில் சுத்தமாகப் பிரிந்துவிடுகிறது.

இப்போது களத்தை மட்டும் மூன்று உறுப்புடையதாக மாற்றுங்கள். இங்கே மூன்று ஒன்றுகள் சேர்ந்தால் பூச்சியம். ஆகவே 111இன் கூட்டுத்தொகையும் பூச்சியம்; கூட்டுத்தொகை பூச்சியமான திசையன்களின் வெளிக்குள்ளேயே அது போய் உட்கார்ந்துகொள்கிறது. முன்பு பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டும் இப்போது ஒன்றுக்குள் ஒன்று. இரண்டு களங்களிலும் உள்மாட்யூல்கள் எத்தனை என்று எண்ணினால் பூச்சியத்தையும் முழு வெளியையும் சேர்த்து நான்கு, நான்கு. எண்ணிக்கை ஒன்றுதான், அமைப்பு வேறு. முதல் களத்தில் மாட்யூலைக் கழற்றித் தனித்தனியாக வைக்கலாம். இரண்டாவதில் கூறுகள் ஒட்டியே இருக்கும். இடங்கள் மூன்று. இந்தக் களத்தில் மூன்று என்பது பூச்சியம் என்ற ஒரே காரணத்தால் வந்த ஒட்டு இது.

மூன்று இடம் என்றால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 112 இடம் என்றால்? அந்த வெளியில் பூச்சியமற்ற திசையன்களின் எண்ணிக்கை 34 இலக்க எண். ஒவ்வொன்றையும் எடுத்து அது எந்த உள்மாட்யூலுக்குள் அடைபட்டிருக்கிறது என்று பார்த்து முடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. இந்த இடத்தில்தான் மீட்ஆக்ஸ் வருகிறது. 1970களின் இறுதியில் ரிச்சர்ட் பார்க்கர் எழுதத் தொடங்கிய இந்த நிரல் தொகுப்புக்குக் கறி வெட்டும் கத்தியின் பெயர். மாட்யூலைக் கூறுபோடுவது அதன் வேலை. ஜெர்மனியின் ஆஹன் நகரில் நாய்பூசர் தலைமையில் 1986இல் பிறந்த கேப் மென்பொருள், சிட்னியில் ஜான் கேனன் குழுவினர் உருவாக்கிய மேக்மா ஆகிய இரண்டுக்குள்ளும் இன்று அதன் வாரிசுகள் இருக்கின்றன. கேப் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இந்த வகைக் கட்டளைகள் எம்டிஎக்ஸ் என்ற முன்னொட்டோடு தொடங்கும்.

மீட்ஆக்ஸின் அடிப்படைச் செயலுக்கு ஸ்பின் என்று பெயர். ஒரு திசையனை எடுத்துக்கொள். குலத்தை ஆக்கும் இரண்டு அணிகளாலும் அதைப் பெருக்கு. கிடைத்தது ஏற்கெனவே உள்ளவற்றின் சேர்க்கையாக வந்தால் விட்டுவிடு. புதிதாக இருந்தால் பட்டியலில் சேர். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இதையே செய். புதிது வருவது நின்றால் உன் கையில் இருப்பது அந்தத் திசையனைக் கொண்ட மிகச் சிறிய உள்மாட்யூல். இதில் ரசிக்க வேண்டியது, குலத்தின் உறுப்புகளை நாம் எண்ணவே இல்லை என்பது. குலம் 20 இலக்க எண்ணிக்கையில் விரிந்து கிடக்கட்டும். 112 பரிமாணத்தில் பட்டியல் 112ஐத் தாண்ட முடியாது, ஆக்கிகள் இரண்டு, ஆகவே அதிகபட்சம் 224 பெருக்கல்களில் ஸ்பின் முடிந்துவிடும்.

ஆனால் எந்தத் திசையனை எடுப்பது? பெரிய வெளிக்குள் சிறிய உள்மாட்யூல் ஒளிந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் திசையன் அதற்குள் விழ வாய்ப்பு மிகக் குறைவு. எத்தனை திசையன்கள் முழு வெளியையும் நிரப்பினாலும் ‘உள்மாட்யூல் இல்லை’ என்று அதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. இதற்கு விடை தந்தவர் சைமன் நார்ட்டன். ஜே4 இருப்பதை நிறுவியவர்களில் ஒருவரான அதே நார்ட்டன்தான். அவருடைய சோதனையை நான்கு வரியில் எழுதிவிடலாம். அதன் நயத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

ஆக்கிகளைக் கூட்டியும் பெருக்கியும் ஏதோ ஓர் அணியை உருவாக்குங்கள். அதை அ என்போம். அது பூச்சியக் கோவை அணியாக இருக்க வேண்டும், அதாவது சில திசையன்களையாவது அது பூச்சியமாக்க வேண்டும். அந்தத் திசையன்கள் சேர்ந்தது அதன் பூச்சிய வெளி. இனி, மாட்யூலுக்குள் உ என்ற உள்மாட்யூல் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அ அதன்மேல் செயல்படும்போது இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும்.

முதல் வழி: உ-வில் உள்ள ஏதோ ஒரு திசையனை அ பூச்சியமாக்குகிறது. அப்படியானால் அந்தத் திசையன் அ-வின் பூச்சிய வெளியில் இருக்கிறது. அதை ஸ்பின் செய்தால் உ-வின் எல்லையைத் தாண்டாது. உ பிடிபட்டது.

இரண்டாம் வழி: உ-வில் ஒன்றைக்கூட அ பூச்சியமாக்குவதில்லை. அப்போது உ-வின் ஒவ்வொரு திசையனும் உ-வில் உள்ள இன்னொன்றின் மேல் அ செயல்பட்டதால் வந்ததுதான். உ முழுவதும் அ-வின் வீச்சுக்குள் அடங்கிவிட்டது. இப்போது நிரைகளை நிரல்களாக்கி மாற்று அணிகளைப் பாருங்கள். அ-வின் மாற்று அணி பூச்சியமாக்கும் திசையன் ஒவ்வொன்றும் அ-வின் வீச்சு முழுவதற்கும் செங்குத்து; ஆகவே உ-வுக்கும் செங்குத்து. உ-வுக்குச் செங்குத்தானவை எல்லாம் சேர்ந்தால் மாற்று அணிகளுக்கு அது ஓர் உள்மாட்யூல். ஆகவே அந்தப் பக்கத்துப் பூச்சிய வெளியில் எதை எடுத்து ஸ்பின் செய்தாலும் முழு வெளியை எட்டாது.

இந்த இரண்டு வழிகளிலும் உள்ள ஒரு சொல் வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். முதல் வழியில் ‘ஏதோ ஒரு திசையன்’. இரண்டாம் வழியில் ‘எதை எடுத்தாலும்’. ஆகவே இந்தப் பக்கம் பூச்சிய வெளியில் உள்ள அத்தனை பேரையும் விசாரிக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரே ஒருவரை விசாரித்தால் போதும், அவர் முழு வெளியையும் நிரப்பிவிட்டால் இரண்டாம் வழி மூடப்பட்டது. மேலோட்டமாகச் சமச்சீராகத் தோன்றும் சோதனை உண்மையில் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வால்தான் நமக்கு வேலை மிச்சமாகிறது. ‘இந்தப் பக்கம் எல்லாரும்’ என்பதன் சுமையைக் குறைக்க ஒரே வழி, பூச்சிய வெளி மிகச் சிறியதாக இருக்கும்படி அ-வைத் தேர்ந்தெடுப்பது. அதன் பரிமாணம் ஒன்று என்றால், இரண்டு உறுப்புக் களத்தில் பூச்சியமற்ற திசையன் ஒன்றே ஒன்றுதான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. 34 இலக்க எண்ணிக்கையில் இருக்கும் திசையன்களைப் பற்றிய தீர்ப்பு, இரண்டு ஸ்பின்களில், அதிகபட்சம் 448 பெருக்கல்களில் வந்துவிடுகிறது.

அந்த மூன்று இடக் கணக்கிலேயே இதைத் தொட்டுப் பார்க்கலாம். 110ஐயும் 011ஐயும் அடிப்படையாகக் கொண்ட இரட்டைப் பரிமாண மாட்யூலை எடுங்கள். முதல் இரண்டு இடங்களை மாற்றும் செயலோடு அலகு அணியைக் கூட்டினால் வருவது அ. அது 110ஐப் பூச்சியமாக்குகிறது, 011ஐ 110ஆக்குகிறது. பூச்சிய வெளியில் 110 மட்டும். மூன்று இடங்களையும் சுற்றிவிட்டால் 110 என்பது 011 ஆகிறது. ஸ்பின் முழு வெளியை நிரப்பிவிட்டது. மாற்று அணிகளின் பக்கமும் இப்படியே நிரம்புகிறது. பகாதது என்று தீர்ப்பு.

இப்போது களத்தின் ஏழ்மைக்கு வருவோம். நார்ட்டனின் சோதனைக்குப் பூச்சியக் கோவை அணி வேண்டும். மெய்யெண்களில் ஓர் அணியைச் சமவாய்ப்பாக எடுத்தால் அப்படிப்பட்டது கிடைக்க வாய்ப்பு பூச்சியம். எண்ணியல் கணக்கு செய்பவர்களுக்கு அது அரிதான தொல்லை. இரண்டு உறுப்புக் களத்திலோ, பெரிய சமவாய்ப்பு அணிக்கு நேர்மாறு இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 0.289 மட்டுமே. பூச்சிய வெளியின் பரிமாணம் சரியாக ஒன்றாக இருக்க வாய்ப்பு 0.578. நமக்கு வேண்டியதே அதிகமாகக் கிடைக்கிறது! ஜே4இன் 112 பரிமாண மாட்யூல், களத்தைப் பெரிதாக்கினாலும் உடையாத வகையைச் சேர்ந்தது. அத்தகைய மாட்யூலில் ஆக்கிகளைக் கூட்டியும் பெருக்கியும் 112க்கு 112 அளவுள்ள எந்த அணியையும் பெறலாம். ஆகவே இந்த வாய்ப்புக் கணக்கு அப்படியே பொருந்தும். சராசரியாக இரண்டு முறை சீட்டு எடுத்தால் ஒரு முறை விழும்.

களம் பெரிதாகப் பெரிதாக இந்த வசதி கரைகிறது. 101 உறுப்புகள் உள்ள களத்தில் நூற்றுக்கு ஒன்றுதான் பூச்சியக் கோவை அணியாக அமையும். இதை டெரெக் ஹோல்ட்டும் சாரா ரீஸும் 1994இல் சரிசெய்த விதத்தில் தனி அழகு இருக்கிறது. சீட்டு விழும்வரை காத்திருக்காமல், எடுத்த அணியிலிருந்தே அவர்கள் பூச்சியத்தை வரவழைத்தார்கள். அந்த அணியின் சிறப்பியல்புப் பல்லுறுப்புக் கோவையைக் காரணிப்படுத்தி, பகாக் காரணி ஒன்றில் அதே அணியைப் பிரதியிட்டால் வருவது கட்டாயம் பூச்சியக் கோவை அணி. அதன் பூச்சிய வெளியின் பரிமாணமும் காரணியின் படியும் சமமாக இருந்துவிட்டால், அந்த வெளியில் உள்ள எந்த ஒரு திசையனிலிருந்தும் முதல் அணியே மற்ற எல்லாவற்றையும் எட்டிவிடும். அப்போது இந்தப் பக்கமும் ஒரே ஒருவரை விசாரித்தால் போதும். நார்ட்டன் ஒரு பக்கம் தந்த சலுகையை இவர்கள் மறுபக்கத்துக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இதிலும் நழுவிய சில வகை மாட்யூல்களை இவானியோஷும் லுக்ஸும் பின்னர் வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

கணிதத்திலிருந்து பைட்டுகளுக்கு இறங்கினாலும் நயம் குறைவதில்லை. இரண்டு உறுப்புக் களத்தில் ஒரு பைட்டுக்குள் எட்டு இடங்கள் அடங்கும். நிரையோடு நிரையைக் கூட்டுவது இயந்திரத்தின் எக்ஸ்ஆர் செயல் ஒன்றே, 64 இடங்கள் ஒரே அடியில் முடியும். மூன்று உறுப்புக் களத்தில் என்ன செய்வது? ஓர் உறுப்புக்கு இரண்டு பிட் என்று கொடுத்தால் பைட்டுக்கு நான்குதான் அடங்கும். மீட்ஆக்ஸ் மரபில் ஐந்து அடைக்கிறார்கள். மூன்றின் ஐந்தாம் அடுக்கு 243. ஒரு பைட்டில் 256 மதிப்புகள். ஐந்து இலக்கங்களையும் மூன்றின் அடுக்குகளில் எழுதிய ஒரே எண்ணாக்கிவிட்டால் வீணாவது 13 மதிப்புகள் மட்டுமே. கூட்டலுக்கு முன்கூட்டியே ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொண்டால் பிரித்துப் பார்க்கவே தேவையில்லை. ஐந்து உறுப்புக் களத்தில் பைட்டுக்கு மூன்று, ஏழில் இரண்டு.

பெருக்கலிலும் அதே சிக்கனம். எட்டு நிரைகளை ஒரு கட்டாக எடுத்து, அவற்றின் 256 கூட்டுத்தொகைகளையும் முதலிலேயே கணக்கிட்டு வைத்துவிடுகிறார்கள். பிறகு மற்ற அணியின் ஒவ்வொரு பைட்டும் அந்தப் பட்டியலில் எத்தனையாவது என்று சுட்டும் எண்ணாகிவிடுகிறது. எட்டுக் கூட்டல்கள் செய்ய வேண்டிய இடத்தில் ஒன்று. இந்த உத்திக்கு அவர்கள் வைத்த பெயர் கிரீஸ்.

திரையில் அணியைக் காட்டும்போது கேப் பூச்சியத்தை 0 என்று அச்சிடாமல் ஒரு புள்ளியாக வைக்கிறது. சிறிய விஷயம்தான். ஆனால் அணியில் எங்கே கட்டம் கட்டமாக வெற்றிடம் இருக்கிறது, எந்த மூலை காலி என்று கண் உடனே பிடித்துக்கொள்கிறது. உள்மாட்யூலுக்குத் தகுந்த அடிப்படையில் எழுதிய அணிகளில் ஒரு பக்கத்துச் செவ்வகம் முழுவதும் புள்ளிகளாக நிற்கும். எல்லா ஆக்கிகளிலும் அதே இடத்தில் அதே செவ்வகம். தேற்றம் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

களத்தின் உறுப்புகளுக்குப் பெயர் வைத்ததிலும் ஒரு நுணுக்கம். ஒன்பது உறுப்புக் களத்தில் பூச்சியம் தவிர மற்ற எட்டும் ஒரே உறுப்பின் அடுக்குகள். கேப் அதை இசட்(9) என்று எழுதும். அதன் நான்காம் அடுக்கைக் கேட்டுப் பாருங்கள்: விடை இசட்(3) என்று வரும். பெரிய களத்தின் உறுப்பு, தான் உண்மையில் சிறிய களத்தைச் சேர்ந்தது என்று தானே அடையாளம் சொல்கிறது. இது தானாக அமைவதில்லை. களத்தைக் கட்ட எந்தப் பல்லுறுப்புக் கோவையை எடுப்பது என்பதில் பல தேர்வுகள் உண்டு. உட்களங்களோடு இப்படி இசைந்துபோகும்படி ஒன்றைத் தீர்மானித்தவர் பார்க்கர், அவற்றுக்கு வாய்த்த பெயர் கான்வே பல்லுறுப்புக் கோவைகள். கேப், மேக்மா இரண்டும் இவற்றைப் பயன்படுத்துவதால் ஓரிடத்தில் கணக்கிட்ட அணியை மற்றோரிடத்துக்குப் பெயர் குழப்பமின்றிக் கொண்டுபோகலாம்.

இரண்டு பகா மாட்யூல்கள் ஒன்றேதானா என்று கண்டறியும் முறையும் ஸ்பின்னிலிருந்தே பிறக்கிறது. பார்வைக்கு அணிகள் வேறாக இருக்கும். அடிப்படையை மாற்றி எழுதியிருக்கலாம். முதல் மாட்யூலில் பூச்சிய வெளி மிகச் சிறியதாக உள்ள ஓர் அணியைக் கண்டுபிடித்து, அந்த வெளியின் திசையனை ஸ்பின் செய்து, எந்த வரிசையில் எந்த ஆக்கியால் பெருக்கியபோது புதிய திசையன் வந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். அதே குறிப்பை இரண்டாவது மாட்யூலில் வார்த்தை பிசகாமல் நடத்துகிறார்கள். புதிய அடிப்படையில் இரண்டின் அணிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவந்தால் அவை ஒன்றே. தேடல் இல்லை, ஊகம் இல்லை.

இந்தக் கருவிகள் எட்டிய உயரத்தைச் சொல்ல மான்ஸ்டர் என்ற குலத்தைக் காட்ட வேண்டும். அதன் உறுப்புகளின் எண்ணிக்கை 54 இலக்கங்கள் கொண்டது. சிக்கலெண்களில் அதன் மிகச் சிறிய மாட்யூலின் பரிமாணம் 196,883. இரண்டு உறுப்புக் களத்துக்கு இறக்கினால் அதிலிருந்து ஒரு பரிமாணம் தனியே கழன்று 196,882 ஆகிறது. அதன் தம்பியான பேபி மான்ஸ்டரிலும் 4,371 என்பது 4,370 ஆகிறது. மான்ஸ்டரின் ஓர் அணியை முழுதாக எழுத ஏறக்குறைய 4.8 ஜிகாபைட் வேண்டும். லிண்டன், பார்க்கர், வால்ஷ், வில்சன் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆக்கத்தில் அணிகளை அப்படி விரித்து எழுதவே இல்லை; திசையன்மேல் அணி எப்படிச் செயல்படும் என்பதைச் சுருக்கமாக வைத்துக்கொண்டே மான்ஸ்டரைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவிலும் நான் முதலிடம் தருவது வேறொன்றுக்கு. மீட்ஆக்ஸ் சீட்டுக் குலுக்கித்தான் வேலையைத் தொடங்குகிறது, ஆனால் அதன் விடையில் ‘அநேகமாக’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை. அதிர்ஷ்டம் சரியில்லை என்றால் விடை தாமதமாகும், தவறாகாது. மாட்யூல் உடைகிறது என்றால் உடையும் இடத்தை அடிப்படைத் திசையன்களோடு கையில் கொடுக்கும். உடையாது என்றால் ஓர் அணியும் இரண்டு திசையன்களும் சாட்சி. அந்தச் சாட்சியத்தைச் சரிபார்க்க மென்பொருளை நம்ப வேண்டியதில்லை; பொறுமையுள்ள ஒரு மாணவர் 1+1=0 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தாளிலேயே செய்து முடிக்கலாம்.